டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: 18,000 ரூபாய் திட்டத்துக்குப் பெயரானவர் யார்? சட்டமன்றத்தில் அவர் கேட்ட உரிமை என்ன?

தமிழ்நாட்டில் ஒரு பெண் கருவுற்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யப் போனால் முதலில் காதில் விழும் பெயர்களில் ஒன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயர் அது. 2018-ல் இந்த உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து, 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணம் வந்துச்சா, எந்தத் தவணை வந்துச்சு என்று பேசிக்கொள்ளும்போது இந்தப் பெயரை லட்சக்கணக்கான பேர் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மனுஷி யார் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கிற பதில் முதல் பெண் டாக்டர் என்பதுதான்.

அந்தப் பதிலே முழுசாகச் சரியில்லை. அவர் செய்த பெரிய காரியமும் அது இல்லை.

ஒரு குழந்தை எந்த வீட்டில் பிறக்கிறது என்பதை வைத்து அதன் எதிர்காலத்தை இன்னொருவர் முடிவு செய்யலாமா? இந்த ஒரு கேள்வியைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டார். ஏன் கேட்டார் என்று தெரிய, புதுக்கோட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

புதுக்கோட்டையில் என்ன நடந்தது?

முத்துலட்சுமி பிறந்தது 1886 ஜூலை 30. அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், அங்குள்ள மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். சாதி விட்டு சாதி சேர்ந்த இந்தத் தம்பதியை அப்பாவின் சொந்தங்கள் ஏற்கவில்லை. வீட்டுக்குள் படிப்பு, மரியாதை எல்லாம் இருந்தது. வாசலைத் தாண்டினால், அந்தக் குழந்தையின் அடையாளம் அம்மாவின் பிறப்பு மட்டும்தான்.

பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும் காலம் அது. முத்துலட்சுமிக்கும் நின்றது. ஆனால் அப்பா விடவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார்.

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ மகாராஜா கல்லூரி ஒன்றுதான், அதுவும் பையன்கள் மட்டும் படிப்பது. அங்கே சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பது ஒரு காரணம். அம்மா எந்தக் குலம் என்பது இன்னொரு காரணம். இந்தப் பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றே வாதம் செய்தார்கள். மதிப்பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார்.

ஒரு மன்னர் நல்லவராக இருந்ததால் ஒரு பெண்ணுக்குக் கதவு திறந்தது. சரி, மன்னர் மறுத்திருந்தால்? ஒருவர் மனசு வைத்தால் கிடைப்பது சலுகை. யார் மனசு வைத்தாலும் வைக்காவிட்டாலும் கிடைப்பதுதான் உரிமை. இந்த வித்தியாசத்தை முத்துலட்சுமி தன் சொந்த வாழ்க்கையில் பார்த்துவிட்டார். பின்னாளில் சட்டமன்றத்தில் அவர் செய்ததெல்லாம் சலுகையை உரிமையாக மாற்றும் வேலைதான்.

முதல் பெண் டாக்டரா?

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் பெண் இவர்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். உண்மையில், 1875-லேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் அந்தக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். ஆனால் இந்தியப் பெண்கள் அங்கே வந்து முழு மருத்துவப் பட்டம் வாங்குவது முத்துலட்சுமி படித்த காலத்தில் மிக அபூர்வம். 1912-ல் பதக்கங்களோடும் பரிசுகளோடும் பட்டம் பெற்றார். பிறகு சென்னை அரசு மருத்துவமனையில் பணியாற்றினார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். கல்யாணத்துக்கு முன்பே ஒரு நிபந்தனை போட்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் அது. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். சாதிச் சடங்கு எதுவும் தேவைப்படாத 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்யாணம் நடந்தது. சுந்தர ரெட்டி கடைசிவரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மனைவி பொது வாழ்க்கைக்கு வரத் தயங்கியபோதெல்லாம் தைரியம் சொன்னவரும் அவர்தான்.

சட்டமன்றத்துக்குள் எப்படி வந்தார்?

இந்தியாவிலேயே பெண்களுக்கு முதலில் வாக்குரிமை கொடுத்த மாகாணம் சென்னை. ஆண்டு 1921. எல்லாப் பெண்களுக்கும் அல்ல, சொத்து, வரி போன்ற தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். அதுவும் ஓட்டுப் போட மட்டும்தான். தேர்தலில் நிற்கும் உரிமை 1926-ல்தான் வந்தது.

இங்கிலாந்தில் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி எடுத்துவிட்டு முத்துலட்சுமி திரும்பிய நேரம் அது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் போன்றவர்கள் முன்னின்று நடத்திய இந்திய மாதர் சங்கம், சட்டமன்றத்துக்கு இவர் பெயரைப் பரிந்துரைத்தது. மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்வது என்று முதலில் தயங்கினார். பிறகு சம்மதித்தார். நியமன உறுப்பினராகச் சென்னை சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது. 1927-ல் அவையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சுற்றிலும் ஆண்கள், நடுவில் ஒரே பெண். பேசாமல் உட்கார்ந்திருந்தால்கூட வரலாற்றில் பெயர் வந்திருக்கும். அவர் அப்படி உட்காரவில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை, ஏழைச் சிறுமிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி, ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுமிகளுக்கு உதவித்தொகை ஆகியவற்றுக்கும் பாடுபட்டார். பெண்ணின் திருமண வயதை உயர்த்தச் சொல்லும் தீர்மானத்தையும் கொண்டுவந்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் நாடு முழுக்க 1929-ல் வந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய சண்டை ஒன்று காத்திருந்தது.

தேவதாசி முறை: சிக்கல் எங்கே இருந்தது?

இந்த முறைப்படி, ஒரு சிறுமிக்குக் கோயிலில் பொட்டுக் கட்டுவார்கள். அதாவது, அவள் சாமிக்குத் தாலி கட்டிக்கொண்டவள் ஆகிவிடுவாள். அதன் பிறகு அவளுக்கு வேறு கல்யாணம் கிடையாது. ஆடல், பாடல், கோயில் பணி அவளுடைய பங்கு. நடைமுறையில், ஊரில் பணமும் செல்வாக்கும் உள்ள ஆண்களின் ஆசைக்கு அவள் கட்டுப்பட வேண்டிய நிலையும் வந்தது. இதெல்லாம் அவளைக் கேட்டு நடப்பதில்லை. பொட்டுக் கட்டும்போது அவள் விவரம் தெரியாத சின்னப் பிள்ளை.

சிறுமிகளைப் பாலியல் தொழிலுக்கு ஒப்படைப்பது குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் அப்போதே பிரிவு இருந்தது. அப்புறம் ஏன் தனிச் சட்டம்? நடப்பது கோயில் சடங்கு. பிற்பாடு என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே நிரூபிக்க முடியாது. வழக்கு போட்டாலும் நிற்பது கஷ்டம். சடங்கையே தடை செய்தால்தான் சிறுமியைக் காப்பாற்ற முடியும் என்பது முத்துலட்சுமியின் வாதம்.

1927 நவம்பரில், பொட்டுக் கட்டும் வழக்கத்துக்கு முடிவு கட்டச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று அரசைக் கேட்கும் தீர்மானத்தை அவையில் வைத்தார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த முறையைத் தாங்கிப் பிடித்தது நம்பிக்கை மட்டும் இல்லை, நிலமும்தான். கோயில் பணிக்காக இந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் கொடுத்திருந்தார்கள். பணி செய்ய ஆள் இருக்கும் வரைதான் நிலம். அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டாவிட்டால் நிலம் கையை விட்டுப் போகும். அப்படியென்றால், மகளைக் காப்பாற்றுவதா, குடும்பத்தின் சோற்றைக் காப்பாற்றுவதா என்று ஒரு தாய் முடிவு செய்ய வேண்டும்.

இந்த முடிச்சைத்தான் முத்துலட்சுமி முதலில் அவிழ்த்தார். 1929-ல் இந்து அறநிலையச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார். நிலம் அந்தக் குடும்பத்திடமே இருக்கும், கோயில் பணி செய்ய வேண்டிய கட்டாயம் மட்டும் நீங்கும் என்பது அதன் சாரம். சோறும் சுதந்திரமும் ஒன்றுக்கொன்று எதிரியாக இருந்த நிலை இதனால் மாறியது. சமூகச் சட்டம் எழுதுகிறவர்களுக்கு இது இன்றைக்கும் நல்ல பாடம். ஒரு வழக்கம் தப்பு என்று சொன்னால் மட்டும் போதாது. அதை நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன வழி என்றும் சொல்ல வேண்டும்.

எதிர்த்தவர்கள் யார்?

இரண்டு பக்கமிருந்து எதிர்ப்பு வந்தது. ஒரு பக்கம், மரபில் கை வைக்கக் கூடாது, சாஸ்திரம் சொன்னதை மாற்றக் கூடாது, கலை அழிந்துவிடும் என்றெல்லாம் சொன்னவர்கள். அவர்களில் பலருக்கு இந்த ஏற்பாட்டால் நஷ்டம் எதுவும் கிடையாது. பொட்டுக் கட்டப்படுவது அவர்கள் வீட்டுப் பெண்ணும் கிடையாது.

இன்னொரு பக்கம், தேவதாசிப் பெண்களே எதிர்த்தார்கள். இதை மறைத்துவிட்டு முத்துலட்சுமியின் கதையைச் சொல்வது நியாயம் ஆகாது. இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் முன்னின்றார்கள். தங்கள் சமூகத்துப் பெண்களை எல்லாம் ஒரே தராசில் வைத்து விபசாரிகள் என்று முத்திரை குத்துவது அவமானம் என்றார்கள். மற்ற வீடுகளில் பெண்ணுக்கு எழுத்தே சொல்லித் தராத காலத்தில், தங்கள் வீட்டுப் பெண்கள் படித்தார்கள், சொத்து வைத்திருந்தார்கள், பிள்ளையைத் தத்தெடுத்தார்கள், கலையைக் காப்பாற்றினார்கள் என்று எடுத்துச் சொன்னார்கள். அரசுக்கு மனுவும் கொடுத்தார்கள்.

அதில் உண்மை இருந்தது. பின்னாளில் அந்த ஆடலும் பாடலும் பெரிய மேடைகளுக்குப் போனபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களில் பலவும் ஓரமாகத்தான் நின்றன. கலைக்குக் கிடைத்த மரியாதை கலைஞருக்குக் கிடைக்கவில்லை.

அதே நேரம், முத்துலட்சுமி கேட்ட கேள்விக்கும் யாரிடமும் பதில் இல்லை. வளர்ந்த ஒரு பெண் தனக்குப் பிடித்த வாழ்க்கையைத் தேர்ந்தெடுப்பது வேறு. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்காக மற்றவர்கள் தேர்ந்தெடுப்பது வேறு. அந்தப் பிள்ளை படிக்கலாமா, கல்யாணம் செய்யலாமா, டாக்டர் ஆகலாமா என்பதை ஒரு சடங்கு முடிவு செய்யக் கூடாது என்பதுதான் அவர் நிலைப்பாடு. அம்மாவின் பிறப்பைக் காட்டித் தன்னையே கல்லூரி வாசலில் நிறுத்தியவர்களை அவர் பார்த்திருக்கிறார். அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தும் அவருக்கு ஆதரவுக் குரல்கள் வந்தன. அதில் முக்கியமானவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். இப்போது அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் இருக்கிறதே, அதற்கு அடிப்படை இவர் பெயரில் இருக்கும் திட்டம்தான்.

பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் மசோதாவை முத்துலட்சுமி கொண்டுவந்தது 1930-ல். அதே ஆண்டு மே மாதம் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி தன் பதவியை விட்டு விலகினார். மசோதா கிடப்பில் போனது. அவர் விதைத்தது சட்டமாக முளைக்க 1947 வரை ஆனது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. முதல் தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் 20 வருஷம். அந்த இடைவெளியில் பொட்டுக் கட்டப்பட்ட ஒவ்வொரு சிறுமியும் அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தாள்.

அவ்வை இல்லம் எப்படிப் பிறந்தது?

சட்டம் வரும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1930-ல், இந்த வாழ்க்கை வேண்டாம் என்று தப்பி வந்த சில இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கலாம் என்று பார்த்தால், எந்தக் குடும்பத்துப் பெண்கள் என்று தெரிந்ததும் இடம் மறுத்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. இந்தப் பெண்கள் ஒழுக்கமாக வாழ வேண்டும் என்று ஊரே உபதேசம் செய்கிறது. அப்படி வாழ வந்தவர்களுக்கு ஒரு கட்டில் போட இடமில்லை. மகாராஜா கல்லூரியில் தன்னிடம் சொன்ன அதே காரணம், கால் நூற்றாண்டு கழித்து இந்தப் பெண்களிடமும் சொல்லப்பட்டது.

முத்துலட்சுமி அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லத்தின் தொடக்கம். தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் மட்டுமல்ல, ஆதரவற்ற எந்தப் பெண்ணும் எந்தக் குழந்தையும் அங்கே வரலாம். சாதி கேட்பதில்லை. தங்க இடம், சாப்பாடு, அதோடு படிப்பும் கைத்தொழிலும். பரிதாபப்பட்டு வைத்துக்கொள்ளும் இடமாக இல்லாமல், சொந்தக் காலில் நிற்கப் பழகும் இடமாக அதை அமைத்தார். சென்னை அடையாறில் அவ்வை இல்லம் இன்றும் இயங்குகிறது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

1923-ல் முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். கண் முன்னால், டாக்டரான அக்காவால் எதுவும் செய்ய முடியவில்லை. புற்றுநோய் என்றால் சாவுதான், செலவு செய்து பயனில்லை என்று மருத்துவ உலகமே நினைத்த காலம். இங்கிலாந்து போனபோது புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதைப் பார்த்தார். நம் ஊரில் ஏன் இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இந்தக் கோரிக்கையை வெளிப்படையாக வைத்தார். அரசிடம் நடையாய் நடந்தும் காரியம் நகரவில்லை. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். வீடு வீடாக, ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மையம் திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதைத் தங்கள் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டார்கள். இன்றும் அந்த மையத்தின் பெயரோடு மாதர் சங்கத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சட்டமன்றப் போராட்டமும் புற்றுநோய் மருத்துவமனையும் வேறு வேறு கதை போலத் தெரியலாம். இரண்டிலும் இருப்பது ஒரே பிடிவாதம்தான். அந்தக் குலத்தில் பிறந்தால் அவ்வளவுதான் என்று சொல்வதும், அந்த நோய் வந்தால் அவ்வளவுதான் என்று சொல்வதும் அவருக்கு ஒன்றுதான். இரண்டையும் அவர் ஏற்கவில்லை. பணம் உள்ளவர் வெளிநாடு போய்ப் பிழைக்கலாம், இல்லாதவர் சாகலாம் என்பதும் சமத்துவமின்மைதான் என்பதைப் புரிந்துகொண்ட டாக்டர் அவர்.

கடைசிக் காலம்

1956-ல் பத்மபூஷன் விருது வந்தது. 1968 ஜூலை 22-ல் காலமானார். 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள்தான் பாக்கி. அவர் பிறந்த ஜூலை 30-ஐ மருத்துவமனை தினமாகக் கொண்டாடப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2019-ல் அறிவித்தது. சினிமா ரசிகர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை முறை.

சரி, இன்றைக்கு இந்தக் கதை எதற்கு?

பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் ஒரு மாணவி விண்ணப்பம் கொடுக்கும்போது, ஒரு குடும்பம் வாடகைக்கு வீடு கேட்கும்போது, இரண்டு பேர் கல்யாணம் செய்ய நினைக்கும்போது, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி இன்னும் ஏதோ ஒரு ரூபத்தில் வந்து நிற்கிறது. புதுக்கோட்டையில் அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்வியும் இதுதான்.

முத்துலட்சுமியின் வாழ்க்கை இதற்கு மூன்று வேலைகளைக் காட்டுகிறது. கதவு மூடியிருந்தால் அதைத் திறக்கச் சட்டம் கேட்க வேண்டும். சட்டம் வந்தால் அதனால் யார் வயிற்றில் அடி விழும் என்று பார்த்து அதற்கும் வழி செய்ய வேண்டும். சட்டம் வரத் தாமதமானால், கதவைத் தட்டுகிறவருக்குத் தன் வீட்டிலாவது இடம் கொடுக்க வேண்டும். மூன்றையும் அவர் செய்தார்.

எந்தத் தாயின் மகள் என்பதைக் காட்டி ஒரு காலத்தில் கல்லூரியில் சேர்க்கத் தயங்கினார்களோ, அந்த மகளின் பெயர்தான் இன்றைக்குத் தமிழ்நாட்டில் எல்லா சாதியிலும் எல்லா மதத்திலும் உள்ள தாய்மார்களின் விண்ணப்பத்தில் இருக்கிறது. அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்க.